திரும்பி வந்த காசோலை: காவிரிக் கடைமடையில் கடன் எழுத்தின் வரலாறு

காசோலை பணமின்றித் திரும்புவது இந்தியாவில் தனிக் குற்றமாக ஆனது 1989 ஏப்ரல் 1 அன்று. காசோலைக்கு இலக்கணம் வகுத்த மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881இல் இயற்றப்பட்டு, 1882 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருந்தது. இடைப்பட்ட 107 ஆண்டுகளில் திரும்பி வந்த காசோலை ஒரு கடன் சான்று மட்டுமே. அதை வைத்து வழக்குப் போடலாம். சிறை என்பது அநேகமாகப் பேச்சுக்கு வராது. திருவாரூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் கடன் எழுத்தின் கதை இதைவிட மிகப் பழையது. ஓலை, உண்டி, புரோநோட்டு, காசோலை என அது வளர்ந்த வழியில் மாறாமல் வந்த கேள்வி ஒன்று: எழுதிக் கொடுத்தவன் சொன்னபடி கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்?

திருவாரூரின் புராணத்திலேயே இந்தக் கேள்வி உண்டு. சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்லும் கதைப்படி, சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதைச் சுமந்து வரத் தயங்கியவரிடம் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் சொன்னார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்றும் சொல்வது இதைத்தான். ஓர் ஊரில் கட்டிய பணத்தை மற்றோர் ஊரில் வாங்குவது என்ற உண்டி வணிகத்தின் கருத்து அப்படியே இதில் இருக்கிறது. சுந்தரர் கணக்கில் கெட்டிக்காரர். போடும் முன்பே ஒரு துண்டைச் சான்றுக்கு வெட்டி வைத்துக்கொண்டார். குளத்திலிருந்து வந்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பிறகே பொன் சரியானது. மாற்றுரைத்த விநாயகர் சன்னிதி குளக்கரையில் இன்றும் இருக்கிறது.

அதே சுந்தரரின் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு இன்னும் சட்ட நுணுக்கம் கொண்டது. பாட்டனார் எழுதித் தந்த அடிமை ஓலையைக் காட்டி ஒரு முதியவர் உரிமை கேட்கிறார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார் சுந்தரர். கிழிபட்டது படியோலை, மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். ஊர்ச்சபை அனுபவம், ஆவணம், சாட்சி என்ற மூன்றையும் கேட்டு, பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியத்தில் இவ்வளவு நடைமுறை விவரம் இருப்பதால், எழுதிய கடனும் அதன் மேலான வழக்கும் சோழ நாட்டில் பழகிய விஷயங்கள் என்று கொள்ளலாம்.

கல்வெட்டுகளும் அதையே காட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் பண்டாரம் ஊர்ச்சபைகளுக்குக் காசு கடன் கொடுத்தது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. வட்டியைக் காசாகவும் நெல்லாகவும் கட்டினார்கள். வாங்கியவர் ஒரு சபை, கொடுத்தவர் கோயில், எழுதியது கல்லில். மறுத்துப் பேச இடமில்லை.

தனி மனிதர்களின் கடனுக்கு வேறு வழி இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் என்று அயலார் அழைத்த சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கிறார். பல முறை கேட்டும் கொடுக்காத கடனாளியைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் தரையில் ஒரு வட்டம் கீறிவிட்டால், பணத்தைக் கொடுக்காமல் அல்லது பிணை தராமல் அவர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. குதிரையில் வந்த அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகர் இப்படி வட்டத்துக்குள் நிறுத்தியதாகவும், பணம் வந்து சேரும் வரை அரசன் நகரவில்லை என்றும் அவர் எழுதுகிறார். கடனாளியின் வாசலில் பட்டினி உட்காரும் தர்ணா இதன் மற்றொரு வடிவம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 508ஆம் பிரிவில், தெய்வக் குற்றத்துக்கு ஆளாக்குவதாக நம்பச் செய்து ஒருவர் வாசலில் தர்ணா இருப்பதைக் குற்றத்துக்கு உதாரணமாகவே காட்டியது. அதுவரை கடன் கொடுத்தவர் கையிலிருந்த வற்புறுத்தும் அதிகாரம் இப்படி நீதிமன்றத்துக்குப் போயிற்று.

வணிகர்களின் எழுத்து உண்டி. கண்டவுடன் பணம் தர வேண்டியதும் உண்டு, தவணை கழித்துத் தருவதும் உண்டு. பர்மா, மலேயா, இலங்கை என்று பரவிய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பணம் உண்டிகளாகவே நகர்ந்தது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய மொழிகளில் எழுதிய ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தைத் தொடாமல் விட்டதற்கு, இந்த வணிகம் தன் விதிகளிலேயே ஒழுங்காக நடந்ததும் ஒரு காரணம். உண்டியை மறுத்த கடைக்கு அடுத்த உண்டியை யாரும் எழுத மாட்டார்கள், தண்டனை அதுதான். கூத்தாநல்லூர் போன்ற ஊர்களுக்குக் கடல் கடந்து வந்த சம்பாத்தியமும் ஒரு காலத்தில் இத்தகைய நம்பிக்கைக் கைகள் வழியே வந்தது. பின்னாளில் அந்நியச் செலாவணிச் சட்டங்கள் அந்த வழியைக் குற்றமாக்கின. ஏமாந்தால் நீதிமன்றத்துக்குப் போக முடியாத ஒரு வணிகம் அதற்குப் பிறகும் நடந்தது என்பது, சிறைத் தண்டனைதான் பண எழுத்தைக் காப்பாற்றும் என்று வாதிடுபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

வயல் சார்ந்த கடனுக்கு ஆங்கிலேயர் காலத்தில் வந்து நிலைத்தது பிராமிசரி நோட்டு, ஊர் வழக்கில் புரோநோட்டு. வருவாய் முத்திரை வில்லை ஒட்டி, அதன் மேல் கையெழுத்து விழ எழுதினால் போதும். மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் கொஞ்சம் வட்டி வாங்கிப் பின்பக்கம் வரவு எழுதிக் கடனாளியிடம் கையெழுத்து வாங்கினால் கெடு புதிதாகும். ஆடியில் விதைப்புக்கு வாங்கி, தையில் சம்பா அறுத்துக் கொடுப்பது கணக்கு. தை பொய்த்தால் வரவு எழுதிக் கெடு நீளும்.

வழக்கில் தோற்றவருக்குச் சிறையும் இருந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, ஐம்பது ரூபாய்க்கு மேற்பட்ட தீர்ப்புக் கடனுக்கு ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்க முடிந்தது. ஆனால் கைதியின் சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கடனாளி வெளியே வந்துவிடுவார். சிறையிருந்ததால் கடனும் தீராது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறையில் வைக்கவே கூடாது என்றும் அந்தச் சட்டம் விலக்கியது. கொடுத்த பணத்துக்கு மேல் சாப்பாட்டுச் செலவும் சேர்வதைக் கணக்குப் பார்ப்பவர்கள் நிலத்தையும் விளைச்சலையும் ஜப்தி செய்யத்தான் விரும்பியிருப்பார்கள்.

காசோலை இந்த வட்டாரத்துக்கு வங்கிகளோடு வந்தது. கும்பகோணம் வங்கி, இன்றைய சிட்டி யூனியன் வங்கி, 1904இல் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, 1906 அக்டோபரில், சென்னையின் பெரும் நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி முறிந்து தென்னாட்டுச் சேமிப்பாளர் பலரின் பணம் போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பண விஷயத்தில் பொய்த்ததற்காகப் பெரிய மனிதர் ஒருவர் சிறை சென்றது அந்நாளில் ஊர்ப்பேச்சு. அந்த முறிவின் விளைவாக 1907இல் இந்தியன் வங்கியை முன்னின்று உருவாக்கியவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். ஆனாலும் காசோலைப் புத்தகம் நெடுங்காலம் மிராசுதார், மில்காரர், வக்கீல் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாகி, கிளைகள் கிராமங்களுக்கு வந்த பிறகுதான் உரக்கடைக்காரரும் சிறு குத்தகைதாரரும் அதைக் கையில் எடுத்தார்கள்.

இதற்கிடையே அரசு கடன் எழுத்தின் மேல் கை வைத்தது. ராஜாஜி அமைச்சரவையின் 1938ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய விவசாயக் கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியைத் துடைத்தது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொண்டது. தமிழ்நாடு வட்டிக்கடைக்காரர் சட்டம் 1957இல் வந்தது. 1970களின் பிற்பாதியில் மேலும் சில கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தன. கடன் கொடுப்பவர் பார்வையில் புரோநோட்டு தேய்ந்துகொண்டே வந்தது. வழக்கு நீளும், முத்திரைக் கட்டணம் உண்டு, தீர்ப்பு கிடைத்தாலும் நிறைவேற்று மனு தனிக் கதை, நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஒரு நிவாரணச் சட்டம் வரலாம்.

அந்தக் காலத்தில் திரும்பிய காசோலையும் புரோநோட்டை விடப் பெரிதாக எதையும் தரவில்லை. தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் மோசடி என்று புகார் கொடுக்கலாம். ஆனால் காசோலை எழுதும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பின்தேதியிட்ட காசோலை வருங்காலத்தைப் பற்றிய உறுதிமொழி, அது பொய்த்ததால் மட்டும் மோசடி ஆகாது என்பது பொதுவான நீதிமன்றப் போக்கு. விந்தை என்னவென்றால், 1881ஆம் ஆண்டுச் சட்டம் காசோலைக்கு வைத்த கடுமையான பொறுப்பு வங்கியின் மேல்தான் விழுந்தது: கணக்கில் பணமிருந்தும் காசோலையைத் திருப்பினால், எழுதியவருக்கு வங்கி நட்டஈடு தர வேண்டும். பணமில்லாமல் எழுதியவருக்குத் தண்டனை எதையும் அது வைக்கவில்லை.

1980இல் உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், கட்ட வழியில்லாத கடனாளியைச் சிறையில் அடைப்பது அரசமைப்பின் 21ஆவது உறுப்புக்கும் இந்தியா ஏற்ற பன்னாட்டு உடன்படிக்கைக்கும் ஒவ்வாது என்று சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவருக்கே சிறை என்றானது. எட்டு ஆண்டு கழித்து நாடாளுமன்றம் நேர் எதிர்த் திசையில் நடந்தது. 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 138 முதல் 142 வரையான பிரிவுகளைப் புதிதாகச் சேர்த்தது. காசோலை மேல் வணிகர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பது நோக்கம். ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை என்பது எதிர்வாதமும் ஆகாது என்று 140ஆம் பிரிவு சொல்லிவிட்டது.

வழிமுறை கடிகாரக் கணக்கில் அமைந்தது. சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்காகக் கொடுத்த காசோலை, செல்லும் காலத்துக்குள் வங்கியில் போடப்பட வேண்டும். அந்தக் காலம் முதலில் ஆறு மாதம். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி ஆணைப்படி மூன்று மாதம். போதிய பணமில்லை என்று திரும்பினால், தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். தொடக்கத்தில் இது பதினைந்து நாளே. நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவரிடம் புகார். தண்டனை முதலில் ஓராண்டு வரை, 2003 பிப்ரவரி முதல் இரண்டாண்டு வரை. அபராதம் காசோலைத் தொகையில் இருமடங்கு வரை. ‘பணம் தராதே’ என்று வங்கிக்கு எழுதிவிட்டால் தப்பலாம் என்ற எண்ணத்தை உச்ச நீதிமன்றம் 1998இலேயே மூடிவிட்டது. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதும் உதவாது. அது கிடைக்கவே இல்லை என்பவர், நீதிமன்ற அழைப்பாணை வந்த பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கட்டட்டும் என்றது 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

நோக்கம் ஒன்று, நெல் நாட்டில் நடந்தது வேறு. பணம் கொடுக்கும் கருவியாக வந்த காசோலை, அடமானப் பொருளாக மாறியது. கடன் வாங்கும்போதே கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலைகள் கைமாறின. உரக்கடை, நெல் தரகர், டிராக்டர் கடன் கொடுத்தவர், சீட்டுக்காரர் என்று கேட்பவர்கள் பலர். புரோநோட்டு எழுதிய கையோடு இரண்டு காசோலையும் கொடுப்பது வாடிக்கையானது. நிலப் பத்திரம் கேட்டால் தயங்கும் குடும்பம் காசோலையை எளிதாகக் கொடுத்துவிடுகிறது. அதில் எழுதாத இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. கடனைக் கட்டுவதோ தண்ணீரைப் பொறுத்தது: மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை உண்டு, திறக்காவிட்டால் கடைமடைக்கு அந்தப் போகமே இல்லை. புரோநோட்டுக்கு வரவு எழுதிக் கெடு நீட்டிய பழக்கத்துக்கு 138ஆம் பிரிவில் இடமில்லை. வெள்ளமும் வறட்சியும் அதற்குத் தெரியாது. பெண்களைச் சிறையிலிருந்து விலக்கிய 1908ஆம் ஆண்டின் இரக்கமும் இதில் கிடையாது. கணவரின் கடனுக்குத் தன் கணக்கில் காசோலை எழுதிக் கொடுத்த மனைவி குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதுதான். கூட்டுக் கணக்கானாலும் கையெழுத்துப் போடாதவருக்குப் பொறுப்பில்லை என்ற தீர்ப்பு 2013இல் வந்தது.

கந்துவட்டிக்காரர்களுக்கும் இது வசதியானது. தின வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடை செய்த தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆக, ஒரே கடனில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஆளுக்கொரு குற்ற வழக்கு தொடுக்கும் நிலை ஏற்பட்டது.

நீதிமன்றங்கள் இரு பக்கமும் சாய்ந்து நடந்தன. காசோலை வைத்திருப்பவர் அதைக் கடனுக்காகவே பெற்றார் என்று 139ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அந்த அனுமானம் கடன் இருந்தது என்பதையும் உள்ளடக்கும் என்று 2010இல் ரங்கப்பா வழக்கு உறுதி செய்தது. வெற்றுக் காசோலையில் தொகையை வேறொருவர் நிரப்பினாலும் கையெழுத்து தன்னுடையது என்றால் அனுமானம் எழும் என்றது 2019இன் பீர் சிங் தீர்ப்பு. மறுபுறம், கடன் கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா என்று குறுக்கு விசாரணையில் சந்தேகம் எழுப்பினாலே அனுமானம் உடையும் என்று அதே ஆண்டு பசலிங்கப்பா வழக்கில் சொல்லப்பட்டது. 2022இல் வந்த தீர்ப்பு புரோநோட்டின் பழைய அறிவைக் காசோலைக்கும் கொண்டு வந்தது: இடையில் கொஞ்சம் கட்டியிருந்தால் அதைக் காசோலையில் குறிக்க வேண்டும், முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் குற்றம் ஆகாது.

எந்த ஊரில் வழக்கு என்பதும் நீண்ட சிக்கல். 1999இல் உச்ச நீதிமன்றம் காசோலை எழுதிய இடம், வங்கியில் போட்ட இடம், திரும்பிய இடம், நோட்டீஸ் கொடுத்த இடம், பணம் தராத இடம் என்று எங்கும் தொடுக்கலாம் என்றது. 2014 ஆகஸ்ட் 1 அன்று தசரத் ரூப்சிங் ரத்தோட் வழக்கில் அதை மாற்றி, காசோலை எழுதியவரின் வங்கி இருக்கும் ஊரில் மட்டுமே என்றது. திருவாரூரில் அரிசி விற்றவரிடம் பாலக்காட்டு வியாபாரியின் காசோலை திரும்பினால் அவர் பாலக்காட்டு நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. விசாரணைக் கட்டத்தை எட்டாத வழக்குகள் கட்டுக்கட்டாகத் திருப்பித் தரப்பட்டன. 2015 ஜூனில் அவசரச் சட்டமும் பின்னர் திருத்தச் சட்டமும் வந்து, பணம் பெற வேண்டியவரின் கணக்கு உள்ள கிளையே இடம் என்று முடிவு கட்டின. மேலே போவதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு: 2004இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர் அதன் கீழ்ப் போயிற்று, 1997இல் தனி மாவட்டமான திருவாரூர் சென்னை முதன்மை அமர்வோடு நின்றது.

சட்டத்தின் வெற்றியே அதன் சுமையானது. 2019 இறுதியில் நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடிக் குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு பதிவு செய்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு நீதிபதி நாரிமன் எழுதிய மற்றொரு தீர்ப்பு, இந்த வழக்கைக் குற்றவியல் ஓநாயின் தோல் போர்த்த உரிமையியல் ஆடு என்று வருணித்தது. நடைமுறை அதை மெய்ப்பிக்கிறது: பெரும்பாலான புகார்தாரருக்கு வேண்டியது பணம். 2003 முதல் எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம். தாமதமாகச் சமரசத்துக்கு வருபவர் காசோலைத் தொகையில் 10, 15, 20 சதவீதம் என்று செலவு கட்ட வேண்டும் என்று 2010இல் தாமோதர் பிரபு வழக்கு விதித்தது. 2025இல் அந்த விகிதங்கள் குறைந்தன. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த சமரசத்தை உரிமையியல் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். 2018 செப்டம்பர் முதல், குற்றத்தை மறுப்பவரை விசாரணைக்கு இடையிலேயே 20 சதவீதம் வரை கட்டச் சொல்லலாம். மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லவும் வழி வந்தது.

பிற நாடுகள் வேறு திசையில் போயின. பிரான்ஸ் 1991இல் பணமில்லாக் காசோலையைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து, எழுதியவருக்குக் காசோலைப் புத்தகமே கிடைக்காமல் தடுத்தது. டெல்டாக் குடும்பங்களுக்கு நெருக்கமான ஐக்கிய அரபு அமீரகம், காசோலைக்காக வெளிநாட்டவர் பலரைச் சிறையில் வைத்திருந்த நாடு, 2022 ஜனவரி முதல் கணக்கில் பணமில்லாததை மட்டும் வைத்துக் குற்ற வழக்கு தொடுப்பதைக் கைவிட்டது. இந்திய நிதி அமைச்சகமும் 2020 ஜூனில் 138ஆம் பிரிவைக் குற்றமற்றதாக்கக் கருத்துக் கேட்டது; வணிகர் சங்கங்களின் எதிர்ப்போடு அது அங்கேயே நின்றது.

காகிதம் குறைந்தாலும் பிரிவு குறையவில்லை. தவணைத் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் மின்னணு ஆணை பணமின்றித் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதே முப்பது நாள் நோட்டீஸ், அதே பதினைந்து நாள் கெடு, அதே இரண்டாண்டுத் தண்டனையை வைத்திருக்கிறது. புரோநோட்டும் ஒழிந்துபோகவில்லை. ஒரே கடனுக்குக் காசோலையை நடுவர் நீதிமன்றத்திலும் புரோநோட்டை உரிமையியல் நீதிமன்றத்திலும் ஒரே சமயத்தில் நடத்தலாம். குற்ற வழக்கில் இழப்பீடாக வந்த தொகையை உரிமையியல் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.